405: ஒரு தோட்டாவும் ஜவளகிரிக் காடும்

உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் சானமாவுக் காடு குறுக்கிடுகிறது. ராகி முற்றும் பருவத்தில் யானைகள் அங்கே வந்து தங்கும். வனத்துறையினர் பட்டாசு வெடித்து அவற்றை விரட்டுவர். இதே வட்டாரத்துக் காடுகளில் முன்பு கேட்ட வேறொரு வெடியோசையைப் பற்றியது இக்கட்டுரை.

கென்னத் ஆண்டர்சனைப் (1910–1974) படித்தவர்களுக்கு அவ்வோசை பழக்கமானது. பெங்களூரில் வாழ்ந்த அவர் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் அலைந்து, ஆங்கிலத்தில் எழுதினார். அன்று இவை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவர் பெரிதும் நம்பியிருந்தது வின்செஸ்டர் 1895 வகை ரைபிளையும் அதற்குரிய .405 தோட்டாவையும். எண் துளையின் அளவைக் குறிப்பது, அங்குலத்தில். 1904இல் அமெரிக்காவில் அறிமுகமான இத்தோட்டாவின் ஈயக்குண்டு 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 2200 அடி. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் சிங்க வேட்டைக்காக இதை ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றதால் புகழ் பெருகிற்று.

ஆனால் ஆண்டர்சனின் கதைகளில் இந்தத் தோட்டா பல சமயங்களில் இரண்டாவதாகவே வெடிக்கிறது என்பதை வாசகர்கள் கவனிப்பதில்லை. அப்போது முதலில் வெடிப்பது வேறொருவர் துப்பாக்கி. 1954இல் வெளிவந்த அவரது முதல் நூலில் இடம்பெறும் ஜவளகிரிப் பெண்புலி, திருட்டு வேட்டையில் துணையை இழந்து, தானும் குண்டடிபட்ட பிறகே ஆட்கொல்லியாகிறது. நாட்டுத் துப்பாக்கியின் இயல்பை அறிந்தால் இது வியப்பன்று. குழல்வாயில் கருமருந்தைக் கொட்டி, ஈயத்துண்டுகளையோ இரும்புத்துண்டுகளையோ இடித்து இறக்குவார்கள். மானையும் பன்றியையும் அது வீழ்த்தும். புலியைப் பெரும்பாலும் கொல்லாது, முடமாக்கும். முடமான புலிக்கு மான் எட்டாது. ஆடு மேய்ப்பவர் எட்டுவார். ஒருவர் குறைசெய்து விட்டதை 19 கிராம் ஈயம் முடித்துவைத்தது. ஆண்டர்சனை வீரக்கதைகளாக மட்டும் படிப்பது அவருக்கே இழைக்கும் அநீதி என்பது என் எண்ணம். புலி ஏன் கெட்டது என்பதற்கு அவர் பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார். தடம் பார்த்துக் கொடுத்த பைராவையும் ரங்காவையும் பெயர் சொல்லியே எழுதினார்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளமிட்டது. நெடுநாள் உற்பத்தியின்றிக் கிடந்த .405, 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மீண்டும் தயாராயிற்று. ஜவளகிரிக் காடு 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் அடக்கம். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் மட்டும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்றும் பிடிபட்டுக்கொண்டிருக்கின்றன.