தோட்டத்தில் ஒரு வாத்துக்கூடு, கூடவே ஒரு பழைய கவுல்

போன கார்த்திகை மாதம் நடந்தது இது. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் தாமல் ஏரிக்கும் நடுவே இரண்டு கழனிதான் இருக்கிறது. மூட்டுவலியால் நான் ஒரு வருஷமாகத் தோட்டப்பக்கம் அதிகம் போகவில்லை. வாழைக்குப் பின்னால் கோரையும் புல்லும் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. பொங்கலுக்குள் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து, பின்பக்கம் சுற்றுச்சுவர் எழுப்பிவிட வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். செங்கல் இறங்கிவிட்டது. மேஸ்திரிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

வேலை தொடங்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலை. கறிவேப்பிலை பறிக்கப்போன என் மனைவி, சத்தம் போடாமல் கையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. ஏதோ கோழி அடை உக்காந்திருக்கு. நம்ம கோழி இல்ல."

நான் போய்ப் பார்த்தேன். கோழி இல்லை, காட்டு வாத்து. பழுப்பு உடம்பில் செதில் செதிலாகக் கோலம். கறுத்த அலகின் நுனியில் மஞ்சள், நெற்றியோரம் இரண்டு சிவப்புப் புள்ளி. புத்தகத்தில் புள்ளிமூக்கு வாத்து என்று எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரில் காட்டு வாத்து என்றாலே போதும். அது எங்களைப் பார்த்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. கழுத்தை மட்டும் தாழ்த்திப் புல்லோடு புல்லாக ஒட்டிக்கொண்டது.

மதியம் அது இரை தேடப் போனபோது எட்டிப் பார்த்தேன். தன் நெஞ்சிலிருந்தே பிடுங்கிய மெல்லிய தூவியால் மூடிவிட்டுப் போயிருந்தது. விலக்காமலே எண்ணினேன், ஒன்பது முட்டை.

வேடந்தாங்கலுக்கு வருஷாவருஷம் வரும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் வடக்கேயிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வருபவை. இங்கே அவை கூடு கட்டுவதில்லை. இந்தப் புள்ளிமூக்கோ நம் ஊர்க்காரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் கரையோரப் புல்லில் தரையிலேயே கூடு வைக்கும். ஏரிக்கரை மேய்ச்சலும் நாய்களுமாக இருந்ததாலோ என்னவோ, எங்கள் வீட்டுக் கோரையைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

மேஸ்திரிக்குப் போன் செய்து, வேலை ஒரு மாதம் தள்ளிப்போகும் என்றேன். "ஒரு வாத்துக்காகவா ஐயா?" என்று சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. செங்கல் விலை, கூலி, லீவு என்று கணக்குச் சொன்னான். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு பழைய கணக்கு இருந்தது. அதை அவனிடம் நான் சொன்னதே இல்லை.

1963. எனக்குப் பத்து வயது. ஏரிக்கரைப் புளியமரத்துப் பொந்தில் சிறகி கூடு வைத்திருந்தது. சீழ்க்கை அடித்துக்கொண்டே பறக்குமே, அந்தச் சிறகிதான். அது மரத்தில் முட்டையிடும் ஜாதி. நானும் இன்னொரு பையனும் ஏறி ஆறு முட்டைகளை எடுத்துவந்து, ஆயாவுக்குத் தெரியாமல் அவளுடைய அடைக்கோழிக்குக் கீழே வைத்தோம். நாலு பொரித்தன. கறுப்பு வெள்ளைப் பட்டையோடு பஞ்சு உருண்டைகள். எங்களுக்குப் பிடிபடாத சந்தோஷம். நொய்யரிசி போட்டோம், தொடவில்லை. மாட்டுத்தொட்டியில் விட்டோம், நீந்தின. கோழி கரையில் நின்று கத்தித் தீர்த்தது. மூன்றாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆயா அடிக்கவில்லை. நாலையும் வாழைமரத்தடியில் புதைக்கச் சொன்னாள். "அதுங்க உன்ன நம்பிதான் இந்த ஊருக்கு வந்துதுங்க" என்று மட்டும் சொன்னாள். அறுபது வருஷம் கழித்தும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

ஆயா சொன்னது அவளுடைய சொந்தக் கருத்து என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். வருவாய்த்துறையில் சேர்ந்து, கடைசிப் பத்து வருஷம் உத்திரமேரூர் தாலுகாவில் வேலை பார்த்தபோதுதான், அது இந்தச் சீமையின் பழைய நியாயம் என்பது புரிந்தது. அதற்கு ஒரு பத்திரமே உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெருமழையில் ஏரி உடையும் நிலை. கும்பெனி கலெக்டர் துரை ராத்திரி கரைக்குப் போனார். வில்லேந்திய இரண்டு பேர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார். கரை நின்றது. சொன்ன வாக்குப்படி தாயார் சன்னதிக்குத் திருப்பணி செய்துகொடுத்தார். அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.  அவர் பெயர் லியோனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர். ஆற்காட்டு நவாப் 1763 இல் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமை அது. நம் காஞ்சிபுரம், உத்திரமேரூர் எல்லாம் அதற்குள் அடக்கம். துரை கருங்குழியில் இருந்துகொண்டு நிர்வாகம் செய்தார்.

அந்தக் கருங்குழிக்குப் பக்கத்தில்தான் வேடந்தாங்கல். ஏரி சின்னது, சுமார் 30 ஹெக்டேர். நடுவில் தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்கள். நாரை, கூழைக்கடா, நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று மரம் தெரியாமல் கூடு கட்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து அவற்றைச் சுட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் துரையிடம் முறையிட்டார்கள். துரை 1798 இல் அவர்களுக்கு ஒரு கவுல் எழுதிக்கொடுத்தார். இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது, தடுக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்பது அதன் சாரம்.

கவுல் என்பது பழைய ரெவின்யூ வார்த்தை. என்னைப் போன்ற தாலுகா ஆபீஸ் ஆட்களுக்குப் பழக்கமானது. சர்க்கார் குடியானவனுக்குக் கொடுக்கும் உறுதிமொழிச் சீட்டு. தரிசு நிலத்தைத் திருத்தினால் இத்தனை வருஷத்துக்கு இத்தனைதான் தீர்வை என்று எழுதிக்கொடுப்பதும் கவுல்தான். பறவைக்காக அப்படி ஒரு சீட்டு கொடுத்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

துரை ஏன் கொடுத்தார்? பக்தியால் என்பார்கள் சிலர். அவர் தீர்வை வசூலில் கறாரான மனிதர் என்பதையும் மறக்கக்கூடாது. எனக்குத் தோன்றுவது இது. வேடந்தாங்கல் குடியானவர்கள் வெறும் பரிதாபத்தைச் சொல்லிப் போய் நின்றிருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித்தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாகக் கழனிக்குப் பாய்கிறது. காசில்லாமல் கிடைக்கும் உரம். பறவை போனால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் தீர்வை குறையும். கலெக்டருக்குப் புரியும் பாஷை அது.

இதனால் அந்த ஊர்க்காரர்களின் அன்பு குறைந்துவிடாது. லாபம் மட்டுமே காரணமென்றால், ரசாயன உரம் மூட்டை மூட்டையாக வந்த காலத்தில் பறவைகளை விரட்டியிருப்பார்கள். விரட்டவில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பட்டாசு கேட்டு அழாமலா இருந்திருக்கும்? சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம்.

பிளேஸ் துரை போன பிறகும் ஊர் விடவில்லை. 1858 இல் மறுபடியும் கலெக்டரிடம் போய் அந்த உரிமையை உறுதிசெய்து உத்தரவு வாங்கியது. 1936 இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அரசு ஏற்றது. 1972 இல்தான் இந்தியா முழுமைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும் என்கிறது அந்தச் சட்டம். 2022 இல் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சேர்ந்து, உலகம் அறிந்த நீர்நிலைகள் ஆயின. கும்பெனி போயிற்று, ஜாகீர் போயிற்று. எங்கள் செங்கல்பட்டு மாவட்டமே 1997 இலும் 2019 இலும் பிரிந்து, இப்போது வேடந்தாங்கல் ஒரு மாவட்டம், நான் ஒரு மாவட்டம். ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிய உரிமை மட்டும் போகவில்லை. சட்டம் வருவதற்கு 174 வருஷம் முன்பே அவர்கள் கேட்டு வாங்கியது அது.

இதற்கும் அடியில் இன்னொரு அஸ்திவாரம் இருக்கிறது. ஏரி இருந்தால்தானே பறவை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. குடவோலை என்றதும் தேர்தல் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆட்களை. ஏரியைப் பார்க்க ஒரு குழு, தோட்டத்தைப் பார்க்க ஒரு குழு. வாத்துக்கு விதி எழுதியவர்கள் அல்ல அவர்கள். ஆனால் வருஷாவருஷம் ஆள் போட்டு ஏரியைக் காத்ததால், ஏரியை நம்பிய உயிர்களுக்கும் இடம் இருந்தது. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த வாத்து இது என்று வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். மகன் முதல் தடவையாகச் சிரித்தான்.

வீட்டுத் தோட்டத்தில் பறவை கூடு கட்டுவது ஏதோ அதிசயம் என்று நினைப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே நாரையும் கூழைக்கடாவும் தெருவிலுள்ள மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலுமே கூடு கட்டுகின்றன. நாற்றம் உண்டு, சத்தம் உண்டு, துணி காயப்போட முடியாது. பெண்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். 1994 இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கேயும் ஊர்தான் முதல், அறிவிப்பு பிறகு.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். கடைசியாக 1963 கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரிப்பா, தை மாசம் சுவர் வச்சிக்கலாம்" என்றான்.

பிறகு இருபத்தைந்து நாள் எங்கள் வீட்டில் ஒரு பிரசவ வீட்டுக் கட்டுப்பாடு. கொல்லைக்கதவை ஓங்கிச் சாத்தக்கூடாது. நாயைக் கட்டியே வைத்தோம். ஒருநாள் ராத்திரி கீரி வந்து, இரண்டு முட்டை போயிற்று. என் மனைவி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் நான் கட்டிலைப் பின்தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டேன்.

கடைசி முட்டையை இட்ட பிறகுதான் வாத்து அடைக்கு உட்காரும். அதனால் எல்லாக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரியும். மார்கழி பிறந்து சில நாள் கழித்து, கோலம் போட எழுந்தவள் என்னை எழுப்பினாள். தாய் முன்னால் நடக்க, பின்னால் வரிசையாக ஏழு குஞ்சுகள். பிறந்து ஒருநாள்கூட ஆகியிருக்காது. இவற்றுக்கு யாரும் ஊட்டிவிட வேண்டியதில்லை. தண்ணீரைச் சேர்ந்தால் பூச்சி புழுவைத் தானே பிடித்துத் தின்னும். ஆயாவின் கோழிக்கும் எங்கள் நொய்யரிசிக்கும் முடியாமல் போனது இதுதான்.

கழனிக்கு முன்னால் வண்டிப்பாதை ஒன்று குறுக்கிடுகிறது. நான் ஒரு பக்கமும் அடுத்த வீட்டுப் பையன் ஒரு பக்கமும் நின்று, பால்காரர் வண்டியையும் இரண்டு மோட்டார் சைக்கிளையும் நிறுத்தினோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பால்காரர் இறங்கி நின்றே பார்த்தார். வரப்பேறி, கழனித்தண்ணீரில் இறங்கி, கோரைக்குள் அவை மறைகிறவரை நாங்கள் அங்கேயே நின்றிருந்தோம்.

தை மாதம் சுவர் எழும்பியது. ஏரிப்பக்கம் மட்டும் தரையோடு இரண்டு செங்கல் அகலத்துக்கு ஒரு வழி விடச் சொன்னேன். மழைத்தண்ணீர் போகத்தானே ஐயா என்றார் மேஸ்திரி. ஆமாம் என்றேன். கோரையிலும் ஒரு மூலையை வெட்டவில்லை.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு விருந்தாளி வந்து உட்கார்ந்தால், எடுக்காதீர்கள், தொடாதீர்கள், ஒரு மாதம் பொறுங்கள். வேடந்தாங்கல்காரர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகப் பொறுத்திருக்கிறார்கள்.