பங்கு என்பது அமானிதம்: சுதேசிக் கப்பல் கம்பெனியும் ஹாஜி முகமது பக்கீர் சேட்டும்

தூத்துக்குடியில் நம் நாட்டவருக்குச் சொந்தமான நீராவிக் கப்பல் கம்பெனி ஒன்று தோன்றியதைப் பள்ளிப் பாடநூல்களில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். வ.உ. சிதம்பரம் பிள்ளை என்ற பெயர் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் கம்பெனியின் மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு ஹாஜியார் தந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்த வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் நாம் நினைவுகூர வேண்டியதில்லை. பலர் சேர்ந்து ஒரு தொழிலைத் தொடங்கினால் அதைக் காப்பாற்றும் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கும் அதில் பாடம் இருக்கிறது.

கடலும் நம் முன்னோரும்

கடலில் மிதந்து செல்லும் கப்பல்களைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் திருமறையில் பல இடங்களில் கூறுகிறான். அந்த அத்தாட்சியை நாள்தோறும் கண்முன் கண்டு வாழ்ந்தவர்கள் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்க் கரைகளில் வாழ்ந்த நம் முன்னோர். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையின் ஷெய்கு அப்துல் காதிர் என்னும் வள்ளல் சீதக்காதி கப்பல் வணிகத்தில் ஈட்டிய பொருளை வறியவர்க்கும் புலவர்க்கும் வாரி வழங்கினார். இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் பாய்மரக் கப்பல்கள் போய் வந்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்ததும் நிலைமை மாறிற்று. காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாத கப்பல்களுக்குப் பெரும் முதல் தேவைப்பட்டது. அந்த முதல் ஆங்கிலேயக் கம்பெனிகளிடம் இருந்தது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டபின், நம் விருதுபட்டி, சாத்தூர் வட்டாரங்களின் பருத்தி மூட்டைகள் அவ்வழியே துறைமுகம் சேர்ந்தன. விருதுபட்டி என்பதுதான் இன்றைய விருதுநகர். சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்கள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. எனவே தூத்துக்குடி நமக்கு அயலூர் அன்று. நம் மாவட்டத்தின் துறைமுகம். பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914இல்தான். அதுவரை தென்மாவட்டத்தார் கொழும்பு செல்லத் தூத்துக்குடியே பெரு வாயிலாக இருந்தது. அந்த வாயிலைத் தன் கைக்குள் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அதன் தூத்துக்குடி முகவர்களான ஹார்வி நிறுவனத்தாரே கோரல் நூற்பாலையையும் நடத்தினர்.

பத்து இலட்சம் ரூபாய்

இந்நிலையில் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசிய நாட்டவர் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலாளர். வ.உ.சி. துணைச் செயலாளர். பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் ரூபாய் வழங்கினார்.

அன்றைய 2 இலட்சம் எத்தகைய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, அது வட்டிக்கு விடப்பட்ட பணம் அன்று என்பதாகும். இலாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தாலும் பங்கு என்ற அடிப்படையில் இறக்கப்பட்ட முதல் அது. இஸ்லாமிய வணிகச் சட்டம் முஷாரகா என்று கூறும் கூட்டு வணிகத்தின் உயிர்நாடியும் இதுவே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் நாட்டுக்குக் கொண்டு சென்று வணிகம் செய்ததும், முதலையும் உழைப்பையும் நம்பிக்கையால் இணைத்த ஒரு கூட்டே.

கம்பெனிக்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் முஸ்லிம் வணிகர் எஸ்ஸாஜி தாஜ்பாயின் கப்பல்கள் குத்தகைக்கு எடுக்கப்பட்டன. ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்குதலால் அவர் குத்தகையிலிருந்து விலகிக்கொண்டார். ஒரே தொழிலில், ஒரே சமயத்தில், நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் தம் செல்வத்தை இறக்கினார், இன்னொருவர் பின்வாங்கினார். அன்றைய அச்சுறுத்தலின் கடுமையை எண்ணும்போது பின்வாங்கியவரை நாம் எளிதில் பழித்துவிட இயலாது. ஆனால் உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு திருமறை ஏன் அத்தனை அழுத்தமாகக் கட்டளையிடுகிறது என்பது இங்கே விளங்குகிறது. ஒருவர் விலகினால் கடலில் தத்தளிப்பது ஒரு கப்பல் மட்டுமன்று.

வ.உ.சி. பம்பாய் சென்றார். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. காலியாவில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் செல்லலாம்.

இலவசமாக வந்த குடை

போட்டி தொடங்கியது. ஆங்கிலேயக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் ஆங்கிலேயக் கம்பெனி பயணம் இலவசம் என்றதோடு பயணிக்கு ஒரு குடையும் தந்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எதிராளி அழியும்வரை நட்டத்தைத் தாங்குவது, அழிந்தபின் விரும்பிய விலையை வைப்பது என்பதே இதன் கணக்கு. சிட்டகாங், ரங்கூன் முஸ்லிம் வணிகர்கள் 1905இல் தொடங்கிய வங்காளக் கப்பல் கம்பெனியும் இதே கம்பெனியின் கட்டணப் போரால்தான் வீழ்ந்தது.

இத்தகைய விலைக்குறைப்பை நம் மார்க்க அறிஞர்கள் முன்பே ஆராய்ந்துள்ளனர். சந்தை விலையைவிடக் குறைத்து உலர்திராட்சை விற்ற ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்களிடம், விலையை உயர்த்துங்கள், இல்லையேல் நம் சந்தையை விட்டு அகலுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார். இதன் பொருள் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மலிவு எல்லா நேரமும் நன்மையாகிவிடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. தூத்துக்குடியில் சந்தையைக் காக்க வேண்டிய ஆட்சியோ குறைத்து விற்றவரின் பக்கமே நின்றது.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநின்ற வ.உ.சி. மார்ச் 12 அன்று கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அதனிடமே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தவருக்குக் கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

நமக்கான பாடம்

ஆட்சியின் கொடுமையும் எதிராளியின் பணபலமும் கம்பெனியை வீழ்த்தின என்பது உண்மை. ஆனால் இலவசப் பயணச் சீட்டு தானாக வெற்றி பெற்றுவிடாது. அதைக் கைநீட்டி வாங்க ஆள் வேண்டும். அன்று துறைமுகத்தில் நின்ற ஏழைப் பயணியை நாம் குறைகூற மாட்டோம். எட்டணா அவருக்குப் பெரிய தொகை. வசதி படைத்த வணிகருக்கும் பங்குதாரருக்கும் அந்தச் சலுகை இல்லை. தலைமை சிறைப்பட்ட வேளையில் ஒரு கூட்டுத் தொழில் பிழைக்க வேண்டுமானால், பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் அதைத் தம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கருத வேண்டும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இயந்திரங்களோடு வந்த சுவீடன் நாட்டுப் பெரும் கம்பெனியின் போட்டிக்கு நடுவே கைத்தொழிலாகவே அது வேரூன்றியது. உறவினர் உறவினருக்குக் கைகொடுத்தனர். ஊர் ஊரின் சரக்கை வாங்கியது. பிற்காலத்தில் சிறு ஆலைகளுக்கான வரிச் சலுகையும் துணைநின்றது. கப்பல் கம்பெனிக்குக் கிடைக்காத காலமும் ஆதரவும் தீப்பெட்டிக்குக் கிடைத்தன.

இன்று நம் குடும்பங்களில் அண்ணன் தம்பியர், மச்சான்மார், ஜமாஅத் நண்பர்கள் சேர்ந்து எத்தனையோ கடைகளையும் பட்டறைகளையும் தொடங்குகிறோம். வாய்ச் சொல்லில் தொடங்கி, முதல் நட்டத்திலேயே மனக்கசப்போடு பிரிகிறோம். கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை மறக்கலாகாது. ஒப்பந்தத்தை எழுதுவோம். இலாபத்தைப் போலவே நட்டத்தையும் பங்கிடும் முறையை முன்கூட்டியே பேசி முடிப்போம். நம் தெருவில் நேர்மையாகத் தொழில் செய்பவரிடம், அவர் எம்மதத்தவராயினும், இரண்டு ரூபாய் கூடுதலானாலும் வாங்குவோம்.

பாண்டித்துரைத் தேவரும் பக்கீர் சேட்டும் சிதம்பரம் பிள்ளையும் ஒரே கம்பெனியின் பொறுப்பைச் சுமந்தார்கள். அந்தக் கம்பெனி வாழ்ந்தது ஐந்தே ஆண்டுகள். ஆயினும் நம் மண்ணில் மதங்களைக் கடந்து மக்கள் ஒருவரையொருவர் நம்பி முதல் போட்டதற்கு அது நிலையான சாட்சியாக இருக்கிறது. அத்தகைய நம்பிக்கைக்குத் தகுதியானவர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.