நந்திக்கடல் கரையில் ஒரு யாத்திரைத் தலம்: வற்றாப்பளையின் பயண வரலாறு

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் நீரேரியின் கரையில் அமைந்திருக்கிறது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமையில் இங்கு நடக்கும் பொங்கலுக்கு இலங்கையின் பல திசைகளிலிருந்தும் அடியார்கள் திரள்கிறார்கள். உல்லாசப் பயணம் என்ற எண்ணம் முல்லைத்தீவை உள்ளடக்கிய வன்னியை எட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே, நேர்த்தி வைத்து நடந்து போகும் வழக்கம் இந்த மண்ணில் வேரூன்றியிருந்தது. வழி, தங்குமிடம், உணவு, காலக்கணக்கு, ஊர்களின் பொறுப்பு ஆகிய அனைத்தையும் அந்த வழக்கமே உண்டாக்கிக்கொண்டது. வெவ்வேறு வகைத் தலங்களுக்கு வரும் பயணிகளுக்கு எதை ஏற்படுத்தித் தருவது என்று இன்று ஆராய்வோர்க்கு, அந்தப் பழைய ஒழுங்கே நல்ல பாடம்.

தலத்தின் கதை

கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகுவும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. இலங்கையில் தமிழர் அவளைக் கண்ணகி என்றும், சிங்களவர் பத்தினித் தெய்வம் என்றும் வணங்கி வந்துள்ளனர். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் ஆகம வழிபாட்டை வலியுறுத்திக் கண்ணகி வழிபாட்டை எதிர்த்தார். அதன் பின் யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி போன்ற பெயர்களை ஏற்றன. வன்னியும் மட்டக்களப்பும் பழைய பெயரையும் பழைய சடங்கையும் விடவில்லை.

மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து பத்து இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவது இடம் வற்றாப்பளை என்றும் ஐதீகம் சொல்கிறது. நீரேரிக் கரையில் இடைச் சிறுவர்கள் ஒரு மூதாட்டியைக் கண்டார்கள். அவளுக்குப் பொங்கிப் படைத்தார்கள். இருட்டியபோது விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் நீரை ஊற்றி ஏற்றும்படி அவள் சொல்ல, விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள்; பார்த்த சிறுவர்கள் ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்தார்கள். வைகாசியில் மீண்டும் வருவதாகச் சொல்லி அவள் மறைந்தாள்.

பொங்கலின் ஒழுங்கு

இன்றைய சடங்கு இந்தக் கதையை அடியொற்றி நடக்கிறது. பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு பாக்குத்தெண்டல் என்னும் சடங்குடன் விழா தொடங்கும். அடுத்த கிழமை சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்படும். அங்கே ஏழு நாள் உப்பு நீரில் விளக்கெரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகருக்குப் பொங்கல். திங்கட்கிழமை படையலுக்குரிய மடைப்பண்டம் முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்குப் போக, பொங்கல் இரவு முழுவதும் நீண்டு செவ்வாய் விடியலில் நிறைவுறும்.

இந்த ஒழுங்கில் ஒரு கோயில் மட்டும் ஈடுபடுவதில்லை. சிலாவத்தை, முள்ளியவளை, வற்றாப்பளை ஆகிய மூன்று ஊர்களுக்கும் தனித்தனி இடமும் கடமையும் உண்டு. இதனால் கூட்டம் ஒரே நாளில் ஒரே இடத்தில் குவியாமல் இரண்டு வாரத்துக்கும் பல ஊர்களுக்கும் பகிரப்படுகிறது. காலமும் பொருத்தமானது. காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும். மழை ஓய்ந்து தரை காய்ந்திருப்பதால் நடக்கவும், மரநிழலில் படுக்கவும், வெளியில் அடுப்பு மூட்டிப் பொங்கவும் தடையில்லை.

நடைவழியும் வீதியும்

வற்றாப்பளை ஒரு பயணத்தின் முடிவிடமாக இருப்பதோடு, நெடும் பயணமொன்றின் தங்குமிடமாகவும் இருந்து வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை அடியார்கள் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் தங்கி, பின் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் காடு கடந்து ஆடி விழாவுக்குக் கதிர்காமம் சேர்வார்கள். வழியெங்கும் கோயில் மண்டபமே விடுதி. ஊரார் இடும் அன்னதானமே உணவு. உள்நாட்டுப் போரால் தடைப்பட்ட இந்த யாத்திரை பின்னர் உயிர்பெற்றது.

வடக்குப் புகையிரதப் பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன்னியை ஊடறுத்துச் சென்றது. மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு வீதியால் கிழக்கே வரலாம். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் வழியாக வரும் வீதி இன்னொரு வாயில். இந்த இரண்டு வழிகளும் திறந்திருந்த காலத்தில் பொங்கல் பெருகியது. மூடப்பட்ட காலத்தில் சுருங்கியது.

திட்டங்களில் விடுபட்ட வடக்கு

இலங்கையில் உல்லாசப் பயணத்துறைக்கான அரச சபை 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அடுத்த ஆண்டு வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கொழும்பு, தென் கரையோரம், கிழக்குக் கரையோரம், மலைநாடு, பண்டைய நகரங்கள் என ஐந்து வட்டாரங்களை முன்னிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் வேறு வகை ஏற்பாடு வேண்டியிருந்தது. பெந்தோட்டை போன்ற கரைகளில் விடுதி வளாகங்கள் எழுந்தன. அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியாவில் அகழ்வும் பாதுகாப்பும் நூதனசாலையும் முதன்மை பெற்றன. மலைநாட்டில் குளிரும் தேயிலைத் தோட்டமும் புகையிரதப் பயணமுமே பயணியை இழுத்தன.

வன்னி இந்த வட்டாரங்களுக்கு வெளியே நின்றது. வெளிநாட்டுப் பயணியைக் கணக்கில் வைத்த திட்டங்களில், உள்நாட்டு யாத்திரிகருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. கத்தோலிக்கரின் மடுத் திருத்தலத்தில் நடக்கும் ஆவணித் திருவிழாவும் வற்றாப்பளைப் பொங்கலும் பெருங்கூட்டத்தைத் தங்கள் சொந்த ஏற்பாட்டிலேயே தாங்கின.

போரும் அதன் பின்பும்

2009 மே மாதத்தில் போர் நந்திக்கடலின் கரைகளில் முடிந்தது. கோயிலுக்கு எதிர்க்கரையில், நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது முள்ளிவாய்க்கால். உயிர் தப்பியவர்கள் வட்டுவாகலூடாக வெளியேறி முகாம்களில் அடைபட்டார்கள். மீள்குடியேற்றம் ஊர் ஊராகப் படிப்படியாகவே நடந்தது.

அந்தக் காலத்திலேயே வேறொரு பயணமும் தொடங்கியது. தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வந்தவர்களுக்குப் புதுக்குடியிருப்பில் படையினரின் வெற்றிச் சின்னமும் கைப்பற்றிய கலங்களும் காட்டப்பட்டன. விடுதலைப் புலிகளின் தலைவர் பயன்படுத்திய நிலக்கீழ் உறைவிடமும் பார்வைக்கு விடப்பட்டு, 2013இல் தகர்க்கப்பட்டது. நீரேரிக் கரையில் இராணுவமே விடுதி நடத்தியது. இறந்தோரின் உறவினர் அதே மண்ணில் வெளிப்படையாக அழவும் தடை இருந்த ஆண்டுகள் அவை. துயரம் நிகழ்ந்த இடத்தை, துயரப்பட்டவர்களைக் கேட்காமல் காட்சியாக்கியது பெரும் பிழை. வருமானமும் விளக்கம் சொல்லும் உரிமையும் அந்த ஊர் மக்களிடம் வரவில்லை.

ஒரு நீரேரி, மூன்று தலங்கள்

இன்று நந்திக்கடலைச் சுற்றி மூன்று வகைத் தலங்கள் அருகருகே உள்ளன. மூன்றுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

முதலாவது யாத்திரைத் தலம். இங்கே பயணிக்குப் புதிதாக எதையும் படைத்துக் காட்டத் தேவையில்லை. குடிநீர், மலசலகூடம், நிழல், முதலுதவி, இரவுப் பேருந்து, கழிவகற்றல் ஆகியவற்றைச் செம்மையாகச் செய்தால் போதும். சடங்கின் நாளையோ வழியையோ பார்வையாளர் வசதிக்காக மாற்றுவது, மக்கள் தேடி வருகின்ற பொருளையே அழிப்பதாகும். மூன்று ஊர்களின் பங்கைத் தொடர் பயணமாக விளக்கும் கையேடும், பாதயாத்திரை அடியார்க்கு நிரந்தர மடமும் பழைய ஒழுங்குக்கு இசைந்த வளர்ச்சிகள்.

இரண்டாவது இயற்கைத் தலம். நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. தெற்கே கொக்கிளாய் நீரேரி 1951 முதல் சரணாலயம். வலசைப் பறவைகள் ஐப்பசியளவில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன, பொங்கலோ வைகாசியில். பருவங்கள் ஒன்றோடொன்று மோதாததால், ஊருக்கு ஆண்டின் இரு காலங்களில் வருமானம் கிடைக்க வழியுண்டு. இங்கே கூட்டத்துக்கு வரம்பு வேண்டும். சிறு குழு, வழிகாட்டி, வீட்டோடு தங்குமிடம் என்பன ஏற்றவை. இறாலும் மீனும் பிடித்து வாழும் நீரேரித் தொழிலாளரின் உரிமையை ஒதுக்கிட எல்லைகள் விழுங்கிவிடக் கூடாது. அந்த நீரை நன்கறிந்த அவர்களே நல்ல வழிகாட்டிகள்.

மூன்றாவது நினைவுத் தலம். மே 18 நினைவேந்தலும் வைகாசிப் பொங்கலும் ஒரே பருவத்தில் வருகின்றன. எனவே இந்த வாரங்களில் வற்றாப்பளைக்கு வரும் பலர் நேர்த்தியோடு இழப்பையும் சுமந்து வருகிறார்கள். முள்ளிவாய்க்காலில் நுழைவுச்சீட்டும் விற்பனைக் கூடமும் பொருந்தா. இறந்தோரின் குடும்பங்கள் ஒப்பிய நினைவிடம், அவர்கள் வாய்மொழியில் பதிவான வரலாறு, அமைதியாக நிற்க ஓர் இடம் ஆகியவையே அங்கு வருவோர்க்குத் தரத் தகுந்தவை.

பாக்குத்தெண்டல் முதல் செவ்வாய் விடியல் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஊரும் ஒரு பொறுப்பாளரும் இருப்பதாலேயே, இடப்பெயர்வுகளுக்குப் பின்னும் பொங்கல் மீண்டெழுந்தது. நீரேரிக்கும் நினைவிடத்துக்கும் வகுக்கப்படும் திட்டங்கள் நிலைக்க வேண்டுமானால், அவற்றின் பொறுப்பும் பயனும் அவ்வாறே கரையோர ஊர்களிடம் இருக்க வேண்டும்.