பீசிஸ்திராத்தஸின் மைந்தர்

கொடுங்கோலனைக் கொன்று நாட்டிற்கு விடுதலை தந்தோர் என ஏதென்ஸ் மக்கள் இருவரைப் போற்றினர். ஹர்மோடியஸ், அரிஸ்டோகைத்தன் என்னும் அவ்விருவர்க்கும் நகரின் பொதுச் சதுக்கத்திலே சிலை நாட்டினர். அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அரசு செலவில் உணவளித்தனர். ஆயின், அவர்கள் கொன்றது கொடுங்கோலனைத்தானா?

ஏதென்ஸிலே தனியாட்சி நிறுவிய பீசிஸ்திராத்தஸ் கி. மு. 527 அளவில் இறந்தான். அவன்பின் ஆட்சியேற்றவன் மூத்த மைந்தனாகிய ஹிப்பியஸ். இளையோனாகிய ஹிப்பார்க்கஸ் கலைகளில் ஈடுபாடுடையவன்; அனக்கிரியோன், சிமோனிடிஸ் முதலாய புலவரை வரவழைத்துப் பேணியவன்.

ஹர்மோடியஸின் அன்பை நாடித் தோற்ற ஹிப்பார்க்கஸ், அவன் சகோதரியை விழா ஊர்வலத்திற் கூடை ஏந்த அழைப்பித்து, பின் தகுதியற்றவள் எனத் திருப்பியனுப்பினான். அவ்வவமதிப்பே சதிக்கு வித்தாயிற்று. கி. மு. 514இல் பானதீனியப் பெருவிழாவன்று சதியாளர் ஹிப்பியஸையே முதலிற் குறிவைத்தனர். தம்முள் ஒருவன் அவனோடு உரையாடக் கண்டு, மறை வெளிப்பட்டதென அஞ்சி விரைந்து, எதிர்ப்பட்ட ஹிப்பார்க்கஸைக் குத்திக் கொன்றனர். ஹிப்பியஸோ மேலும் நான்காண்டு முன்னினுங் கடுமையாக ஆண்டான். கி. மு. 510இல் அவனைத் துரத்தியது ஸ்பார்ட்டாவின் படை. பாரசீக மன்னனைச் சரணடைந்த அவன், கி. மு. 490இல் அப்பகைவருடனேயே மரதன் களத்திற்கு மீண்டான்.

கொல்லப்பட்டவனே ஆட்சியாளன் என்னும் மக்கள் எண்ணத்தை மறுத்தவர் வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ். அக்குரோபொலிசில் நின்ற கல்வெட்டிலே தந்தையின் பெயரையடுத்து ஹிப்பியஸின் பெயர் நிற்பதையும், அவனுக்கே மக்கட்பேறு குறிக்கப்பட்டிருப்பதையும் அவர் சான்றாகக் காட்டினார். அவர் எடுத்தெழுதிய மற்றொரு சாசனம், ஹிப்பியஸின் மகன் அப்போலோவுக்கு எடுத்த பலிபீடத்திலுள்ளது. அது 1877இல் கண்டெடுக்கப்பட்டபோது அவர்தம் வாசிப்பின் செம்மை உறுதியாயிற்று.

ஸ்பார்ட்டாவாலேயே விடுதலை கிடைத்ததென்பதை ஏதென்ஸ் மக்கள் முற்றும் அறியாதவரல்லர். எனினும், பிறர்க்குக் கடன்பட்ட விடுதலையைச் சிலையாக வடிக்க எந்நகர்தான் விரும்பும்? கி. மு. 415இல் ஹெர்மஸ் சிலைகள் சிதைக்கப்பட்டபோது, மீண்டுங் கொடுங்கோன்மை வருமென்ற அச்சத்தால், ஒற்றர் சொற்கேட்டுக் குடிமக்கள் பலரைச் சிறையிட்டனர், சிலரைக் கொன்றனர். அந்நிகழ்ச்சியைக் கூறுமிடத்திலேதான் தூசிடைடீஸ் இப்பழங்கதையை ஆராய்கின்றார். தன் கடந்தகாலத்தை ஆராயாது நம்பும் மக்கள், நிகழ்காலத்தையும் ஆராயாது தீர்ப்பளிப்பர் என்பதே அவ்விடத்தில் நாம் பெறும் பாடமாகும்.