பொம்மைக்குப் பின் வந்த விளையாட்டு: மேனாட்டு மருத்துவமனைகளில் ஒரு கருத்தின் வளர்ச்சி

லண்டன் மாநகரில், கிரேட் ஆர்மண்ட் தெருவில், சார்லஸ் வெஸ்ட் என்னும் வைத்தியரின் விடாமுயற்சியால் 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பத்தே படுக்கைகளோடு திறக்கப்பெற்ற குழந்தைகள் மருத்துவமனைக்குப் பேருதவி புரிந்தோருள் ஒருவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். 1864-65-இல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட ‘அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்’ என்னும் நாவலில், ஜானி என்ற ஏழைச் சிறுவன் இத்தகைய மருத்துவமனையொன்றில் உயிர் துறக்கும் கட்டம் வருகின்றது. அவன் படுக்கையருகே ஒரு சிறு மேடை. அதன்மேல் நோவாவின் மரக்கலம், ஒரு குதிரை, ஒரு மஞ்சட் பறவை, ஒரு போர்வீரன். அவற்றையெல்லாம் பக்கத்தில் காலொடிந்து கிடக்கும் சிறுவனுக்குக் கொடுத்துவிடுமாறு உணர்த்திவிட்டு அவன் கண்மூடுகின்றான். கதையேயாயினும், அக்காலத்துக் குழந்தைகள் வார்டில் பொம்மைகளுக்கு இடமிருந்தது என்பதற்கு இது தக்க சான்று. ஆதலின் மருத்துவமனைக்குள் விளையாட்டுப் புகுந்த வரலாற்றை ஆராய்வோர், பொம்மை வந்த நாளைத் தேடுதல் போதாது. அந்தப் பொம்மையைக் கையிலேந்திக் குழந்தையோடு உட்கார்ந்து, அதன் விளையாட்டிலே அதன் அச்சத்தையும் துயரத்தையும் கண்டுகொள்ளும் மனிதர் அங்கு வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. அத்தாமதத்திற்குக் காரணம் தாய்க்கு அடைக்கப்பட்டிருந்த கதவே என்பதும், அக்கதவு திறந்த பின்னரே விளையாட்டும் உரிய இடம் பெற்றது என்பதும் என் துணிபு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில், பெற்றோர் தம் குழந்தையை ஞாயிற்றுக்கிழமையில் ஓரிரு மணி நேரமே பார்க்கலாம். சிலவற்றில் அதற்கும் அநுமதியில்லை. வெளியிலிருந்து தொற்றுநோய் வந்துவிடும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். மருந்துகள் அரியவாயிருந்த காலத்தில் அவ்வச்சம் நியாயமானதே. மற்றொரு காரணம், தாய் வந்துபோனால் குழந்தை அழுகின்றது, வராவிட்டால் சில நாளில் தானே அடங்கிவிடுகின்றது என்று செவிலியர் கண்ட அநுபவம். அடங்கிய குழந்தை தேறிய குழந்தை என்றே எல்லோரும் நம்பினர். நியூகாசில் நகரத்தில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் வைத்தியர் 1920-களிலேயே கைக்குழந்தைகளோடு தாய்மாரையும் சேர்த்துக்கொண்டது விதிவிலக்கு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1922-இல் விளையாட்டுக்கென ஓர் ஏற்பாடு செய்யப்பட்டதும் அத்தகையதே.

அடங்கிய குழந்தை தேறிய குழந்தை என்ற நம்பிக்கையை அசைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். யுத்த காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் ஆன்னா ஃபிராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்து, அங்கே குழந்தைகளைக் கூர்ந்து நோக்கப் பயின்ற இவர், பின்னர் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் உளமருத்துவர் ஜான் பௌல்பியோடு பணியாற்றினார். தாம் கண்டவற்றைச் சொல்லி நம்பவைக்க இயலாமற் போகவே, சினிமாப் படமெடுத்துக் காட்டத் துணிந்தார். இரண்டரை வயதும் நிரம்பாத லாரா என்னும் சிறுமி சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததைக் காட்டும் அவர் படம் 1952-இல் வெளிவந்தது. வேண்டுமென்றே துயரக் காட்சிகளைப் பொறுக்கினார் என்று எவரும் குறைகூறாதிருக்கும் பொருட்டு, குழந்தையைச் சீட்டுக் குலுக்குவதுபோற் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தார். நாள்தோறும் குறித்த நேரத்திலேயே படம்பிடித்து, அதற்குச் சாட்சியாகச் சுவர்க் கடிகாரத்தையும் படத்தில் காட்டினார். லாரா ஆர்ப்பாட்டம் செய்யும் குழந்தையல்லள். தன் கரடிப் பொம்மையைப் பற்றிக்கொண்டு, முகத்தை அடக்கி இருப்பவள். செவிலி ஒருத்தி அன்போடு விளையாட வரும்போதுதான் அந்த அடக்கம் குலைந்து, தாயை நாடும் அழுகை வெளிப்படுகின்றது. பொம்மையால் வெளிப்படாத துயரம், கூட விளையாடும் ஒருவர் வந்தவுடனே வெளிப்பட்ட இக்காட்சியை, இவ்வரலாற்றின் மூல ஆதாரங்களுள் ஒன்றாக நான் கருதுகின்றேன்.

அவ்வாண்டு நவம்பரில் ராயல் சொஸைட்டி ஆஃப் மெடிசினில் இப்படம் திரையிடப்பட்டபோது, கூடியிருந்த வைத்தியரும் செவிலியரும் பெரும்பாலும் சினந்தனர். முதலில் வெகுண்டவர்களுள் ஒருவரான டெர்மட் மக்கார்த்தி என்னும் குழந்தை வைத்தியரே பின்னர் மனம் மாறித் தம் வார்டில் தாய்மாரைத் தங்கவைத்தார். ராபர்ட்சன் 1958-இல் வெளியிட்ட மற்றொரு படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. 1959-இல் எலும்புச் சிகிச்சை நிபுணர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாதென்றும், குழந்தைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் வசதி வேண்டுமென்றும் ஒரே அறிக்கையில் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, நடைமுறை வேறு. 1961-இல் ராபர்ட்சன் தொலைக்காட்சியிற் பேசியதைக் கேட்ட தென்லண்டன் தாய்மார் சிலர் சங்கம் கண்டு மருத்துவமனைகளை நெருக்கியதும், 1963 முதல் ‘சேவ் த சில்ட்ரன்’ ஸ்தாபனம் சூசன் ஹார்வியின் முயற்சியால் வார்டுகளுக்கு விளையாட்டுப் பணியாளரை அனுப்பியதும் இல்லாதிருந்தால், அவ்வறிக்கை அலமாரியிலேயே தங்கியிருக்கும்.

இதே காலத்தில் இரண்டு ஆசிரியைகள் வேறிரு தேசங்களில் இத்தொழிலுக்கு உருவம் தந்தனர். சுவீடனில், பாலர் பள்ளி ஆசிரியை ஐவோனி லிண்ட்குவிஸ்ட், 1956-இல் ஊமியோ நகர மருத்துவமனையில் தொடங்கிய பணி, 1977-இல் குழந்தைகளுக்கு விளையாட்டு வசதி அளிப்பதை மருத்துவமனைகளின் கடமையாக்கிய சட்டத்தில் முடிந்தது. வியன்னாவில் மாண்டிசோரி முறை பயின்ற எம்மா பிளாங்க், நோபல் பரிசு பெற்ற ஃபிரெடெரிக் ராபின்ஸ் அழைக்க, 1955-இல் கிளீவ்லாந்து நகரத்தில் குழந்தைகளின் வாழ்க்கைக்கும் கல்விக்குமெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தார். 1962-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையினருக்கு நெடுநாள் கைந்நூலாயிற்று. ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய குழந்தையிடம் முதலில் ஊசியற்ற சிரிஞ்சையும் ஒரு பொம்மையையும் கொடுத்துவிடுவது இம்மரபின் எளிய முறை. குழந்தை பொம்மைக்கு ஊசி போடுகின்றது, கட்டுக் கட்டுகின்றது, சில வேளை பொம்மையைத் திட்டுகின்றது. தன் உடம்பில் பிறர் செய்வதைத் தாங்கியே இருந்த அது, ஒருகணம் தானே செய்யும் நிலைக்கு வருகின்றது. அருகிலிருப்பவர் அக்குழந்தை எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது, எதைத் தண்டனையென்று எண்ணுகின்றது என்பவற்றை அப்போது அறிந்துகொள்கின்றார்.

பிழைக்க வழியற்ற நோயில் இம்முறையின் ஆழம் புலப்பட்டது. 1948-இல் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிக்கும் மருந்தைக் காட்டிய பின், வாரக் கணக்கில் மறைந்த குழந்தைகள் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மருத்துவமனைக்கு வந்துபோகத் தொடங்கினர். மானிடவியலறிஞர் மைரா ப்ளூபாண்ட்-லாங்னர், பெரும்பாலும் மூன்று முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட அத்தகைய குழந்தைகளோடு பழகி 1978-இல் எழுதிய நூல், எவரும் சொல்லாமலே அவர்கள் தம் மரணத்தை அறிந்திருந்தனர் என்று காட்டிற்று. பெற்றோர் தம்மிடம் மறைக்கின்றனர் என்பதை உணர்ந்து, அவர்களுக்காகத் தாமும் மறைத்தனர்! ‘ஷார்லட்ஸ் வெப்’ என்னும் கதையில் சிலந்தி இறக்கும் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்ன குழந்தைகளை அவர் குறிப்பிடுகின்றார். வாய் திறந்து கேட்க முடியாததைக் கதையிலும் விளையாட்டிலும் கேட்டுக்கொண்ட இப்பிள்ளைகளை நினைக்குந்தோறும், விளையாட்டைப் பொழுதுபோக்கென ஒதுக்கிய தலைமுறைகள் எவ்வளவு பேச்சைக் கேளாமல் விட்டன என்ற எண்ணம் நெஞ்சை வருத்துகின்றது.

இந்த அறிவு குடும்பம் முழுவதற்கும் விரிந்த இடம், 1982-இல் ஆக்ஸ்போர்டில் சகோதரி பிரான்சஸ் டொமினிகா நிறுவிய ஹெலன் ஹவுஸ். குழந்தைகளுக்கெனத் தோன்றிய முதல் ஹாஸ்பிஸ் (தீராநோயுற்றோரைப் பேணும் இல்லம்) இதுவே. மருத்துவமனையின் கதவு தாய்க்குத் திறந்த பின்னரும், தொற்று அச்சத்தால் உடன்பிறந்தாருக்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. இங்கோ அண்ணன், தங்கை, பெற்றோர் எல்லோரும் சில நாள் ஒன்றாய்த் தங்கிச் செல்லலாம். இரவும் பகலும் கண்விழித்த தாயின் கையிலிருந்து நோயுற்ற குழந்தையைப் பிறர் வாங்கிக்கொள்ள, வீட்டில் ஓரமாய் ஒதுங்கிப் பழகிய மற்றப் பிள்ளையோடு அவள் ஒரு பிற்பகல் முழுவதும் விளையாட முடிந்தது. அதுவும் நோயாளிக்குச் செய்யும் பணியின் ஒரு பகுதியாகவே அங்கே கருதப்பட்டது.