பொறியும் நூலும்

தையற்பொறியைக் கண்டவர் யாவர் என்று வினவினால், எலியாஸ் ஹோவ் என்றோ ஐசக் சிங்கர் என்றோ நீங்கள் விடை பகர்வீர்கள். அமெரிக்கராகிய ஹோவ் 1846-ஆம் ஆண்டிலும், சிங்கர் 1851-ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்றனர். ஆனால், அப்பொறியில் ஓடுவதற்கேற்ற நூலை அளித்தவர் யாவர் என்று கேட்டால் வகுப்பே வாய் திறவாது. அந்நூலின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

கையால் தைப்பவர் நூலில் முடிச்சு விழுந்தால் விரலால் உணர்ந்து நெகிழ்த்துவார். பொறிக்கோ அவ்வுணர்வு இல்லை. அதன் ஊசிக்குக் கண் முனையருகே உள்ளது. மேல்நூலின் ஒவ்வொரு பகுதியும், தையலாக அமைவதற்கு முன், அக்கண்ணின் வழியே பன்முறை முன்னும் பின்னும் உரசிச் செல்கின்றது. கீழேயுள்ள பாபினின் நூலோடு துணியின் நடுவே அது பின்னிக்கொள்ள வேண்டும். ஆகவே நூல் உருண்டையாகவும், சீராகவும், வலிமையோடு வளைந்து கொடுப்பதாகவும் இருத்தல் இன்றியமையாதது.

இத்தகைய நூல் பிறந்த ஊர் ஸ்காட்லாந்திலுள்ள பெய்ஸ்லி. அது நெசவாளர் வாழ்ந்த நகரம். 1806-இல் நெப்போலியன் ஐரோப்பியத் துறைமுகங்களைப் பிரிட்டனுக்கு அடைத்தான். பட்டு அரிதாயிற்று. தறியின் விழுதுகளுக்குப் பட்டு நூலையே நம்பியிருந்த அவ்வூரார் திகைத்தனர். அப்போது கிளார்க் குடும்பத்தைச் சேர்ந்த பாட்ரிக் என்பார், பருத்தி இழைகளை முறுக்கிப் பட்டுக்கு ஈடான நூலைச் செய்தார். 1812-இல் அக்குடும்பத்தார் அங்கே பருத்தித் தையல் நூல் ஆலையை நிறுவினர்.

கைத்தையலுக்கு நன்கு பயன்பட்ட மூவிழை நூல், பின்னர் வந்த பொறிக்கு ஒத்துவரவில்லை. விறைப்பும் மேடுபள்ளமும் அதற்குக் குறை. 1860-களில் அதே குடும்பத்து ஜார்ஜ் கிளார்க் ஆறிழை நூலைக் கொணர்ந்தார். இரண்டிரண்டு இழைகளை முதலில் முறுக்கி, அவ்வாறான மூன்றை மீண்டும் சேர்த்து முறுக்குவதே அதன் அமைப்பு. அது மென்மையும் உருட்சியும் உடையதாயிற்று. தையற்பொறியும் வீடுதோறும் பயனளிக்கலாயிற்று. 1896-இல் கிளார்க் நிறுவனம் அதே ஊரின் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. மதுரா கோட்ஸ் என்று நாம் வழங்கும் பெயரிலுள்ள கோட்ஸ் அவ்வூர்க் குடும்பத்தின் பெயரே.

இரு துணிகளுக்கிடையே பஞ்சைப் பரப்பித் தைக்கும் மெத்தைப் போர்வையில் இப்பழைய பூசல் இன்றும் தோன்றுகின்றது. கனத்த அடுக்குகளில் உராய்வு மிகுதி. ஊசிக்கண் நூலுக்குச் சிறிதாயின் நூல் நைந்து அறும். ஊசி மழுங்கினும் அவ்வாறே. துணியின் அடிப்புறத்தில் நூல் சுருண்டு கிடப்பின், பலர் பாபினைக் குறைகூறுவர். பெரும்பாலும் குறை மேல்நூலிலேயே உள்ளது. துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி, நூலை முதலிலிருந்து மீண்டும் கோத்தாலே பல வேளைகளில் தீரும். அதன் பின் ஊசியை மாற்றுக. பிறகு நூலை மாற்றிப் பார்க்க. நூலின் இறுக்கத்தை மாற்றும் திருகை இறுதியாகவே தொடுக.

குறை தோன்றும் இடம் ஒன்று. அதன் காரணம் இருக்கும் இடம் வேறு. பெய்ஸ்லியில் நூல் முறுக்கியவர்கள் பொறியைப் பழிக்காது நூலைத் திருத்தினர். பெருங் கருவிகளின் வரலாற்றைப் படிக்கும் நீங்கள், அவற்றை இயங்கச் செய்த சிறு பொருள்களையும் தேடிப் படிப்பீர்களாக.