வாய்தா பிறந்த கதை

பள்ளத்தூர் பேருந்து நிறுத்தத்தில் மஞ்சள் பையோடு நிற்கிறவரிடம், "என்ன அண்ணே, காரைக்குடிக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமாப்பா, இன்னைக்கு வாய்தா" என்பார். பைக்குள் கோர்ட்டுக் கட்டு இருக்கும். பங்காளிகளுக்குள் வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு.

வாய், தா என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்ததுபோல் ஒலிக்கும் இந்தச் சொல் பிறந்தது அரபியில். அங்கே 'வஅதா' என்றால் வாக்குறுதி. பாரசீகம், உருது வழியாகத் தெற்கே வந்தது. வக்கீல், தாவா, ஜப்தி, ஜாமீன் எல்லாம் அதே வழியில் வந்தவைதான். இந்திப் பாட்டில் வரும் 'வாதா' இதன் உடன்பிறப்பு.

தமிழில் அதற்குக் கெடு, தவணை என்று பொருள் வந்தது. நிலவரிக்கு வாய்தா, கடனுக்கு வாய்தா. சொன்ன நாளில் பணம் கட்டுவதன் அருமை பள்ளத்தூருக்குத் தெரியும். பர்மா, மலேயா வரை போய் வட்டிக்கடை நடத்திய இவ்வூர் நகரத்தாருக்குத் தவணை தவறாத நாணயமே முதல். அதுதான் கடையின் பெயரான விலாசத்துக்கு மதிப்பு.

கோர்ட்டில் விசாரணைக்குக் குறித்த நாள் வாய்தா ஆயிற்று. அந்த நாளைத் தள்ளிவைக்கக் கேட்பதும் வாய்தா ஆயிற்று. பிறகு தெருவுக்கு வந்தது: "கொடுத்த காசைக் கேட்டா வாய்தா சொல்றான்." வாக்கின் பெயர், வாக்கைத் தள்ளிப்போடுவதன் பெயராகிவிட்டது.

வேண்டுமென்றே தாமதிப்பதற்கு ஆங்கிலேயர் காலை இழுத்து நடப்பதைச் சொல்கிறார்கள். சீனர் எதிரிப் படையைத் தாமதப்படுத்தும் உபாயத்தைச் சொல்கிறார்கள். நமக்கோ கோர்ட்டு வாசல்தான் அந்தச் சொல்லைத் தந்திருக்கிறது. அது எனக்கு வலிக்கிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1999-இல் திருத்தி 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிப்படி, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. தவிர்க்கவே முடியாத நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஆனால், பங்கு தீராமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு மழைக்காலம். வளவில் ஓடு ஒழுகுகிறது. பர்மாத் தேக்குத் தூணில் கரையான் ஏறுகிறது. ஓடு மாற்றலாம் என்று ஒருவர் சொன்னால், இன்னொரு பங்காளி சம்மதிக்க வேண்டும்.

சாயங்காலம் அந்த அண்ணன் ஒரு புதுத் தேதியோடு திரும்புவார். அந்தத் தேதியில் வழக்கு நடக்க வேண்டும். அன்றைக்குத்தான் வாய்தா மறுபடியும் வாக்காகும்.